உமி உடையாமல்

அஹுன்ட்சிக்
2 பெப்ரவரி 2025

ஜோன்சன்,

"அன்புள்ள" என்று தொடங்க மனம் வரவில்லை. வராததை எழுதி என்ன பயன்? சுவாமியார் சொன்னார் என்பதற்காக எழுதுகிறேன். தொலைபேசியில் நாங்கள் கதைத்த மூன்று தடவையும் பத்து நிமிடம் தாண்டவில்லை. "முத்திரை ஒட்டிச் சண்டை பிடியுங்கோ. அது போய்ச் சேருறதுக்குள்ள பாதிக் கோவம் ஆறிப்போடும். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் எழுதிப்போட்டு, பேந்து சேர்ந்திருக்கிறதோ பிரியிறதோ எண்டு முடிவெடுங்கோ" என்று அவர் சொன்னது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். பியர் வடிப்பதற்கென்று நீங்கள் வாங்கிய மால்ட் மூட்டை பேஸ்மென்டில் அப்படியே கிடக்கிறது. இருபத்தைந்து கிலோ. முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி என்று எத்தனையோ தரம் விளக்கினீர்கள். என் கண்ணுக்கு அது இன்னும் கோழித்தீன்தான். எலி வருவதற்குள் வந்து எடுத்துக்கொண்டு போங்கள். இல்லையென்றால் நீங்கள் தங்கியிருக்கும் வீட்டுத் தேவதாசன் அண்ணையை அனுப்புங்கள்.

ஒன்றே ஒன்று கேட்கவேண்டும். தேவாலயத்துக் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு முதல் நாள், முன்னூறு வடைக்கு உழுந்து ஊறப்போட்டுவிட்டு நான் கடைக்குப் போனேன். ஒன்றரை மணித்தியாலம். அதற்குள் என்னுடைய கிரைண்டரைக் கழற்றி பியருக்கு மால்ட் உடைக்கும் உங்கள் மில்லில் பூட்டி எரிக்கவேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது? பக்கத்தில் மூன்று சட்டியில் உழுந்து ஊறிக்கொண்டிருந்ததே, அதுகூடவா கண்ணில் படவில்லை? பிள்ளைகள் இந்தமுறை கடைச் சமோசா சாப்பிட்டார்கள். "அஜிதாவின்ர வடை எங்க?" என்று கேட்காத ஆளில்லை. நான் குசினிப் பக்கம் போய் நின்றேன்.

அஜிதா


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
9 பெப்ரவரி 2025

அன்புள்ள அஜிதா,

எனக்கு மனம் வருகிறது. அதனால் எழுதுகிறேன்.

எப்படித் தோன்றியது என்று கேட்டிருந்தீர். உள்ளதைச் சொல்கிறேன். மால்ட் மில்லின் உருளைகள் மெதுவாகச் சுற்றவேண்டும், நிமிடத்துக்கு நூற்றைம்பது, இருநூறு சுற்று. கடையில் விற்கும் மோட்டர்கள் ஆயிரத்து எழுநூறு சுற்றும். மாதக்கணக்காக அதைத்தான் யோசித்துக்கொண்டு திரிந்தேன். வேலையில், விமானநிலையத்தில் பெட்டிகள் வரும் பெல்ட்டைப் பார்த்தாலும் அதே யோசனை. அன்றைக்குத் தேநீர் போடக் குசினிக்குள் வந்தபோது உம்முடைய கிரைண்டரின் தகட்டில் "150" என்று இருந்தது. அவ்வளவுதான். பிறகு உழுந்தும் தெரியவில்லை, ஒளிவிழாவும் தெரியவில்லை. உருளைகள் மெதுமெதுவாகச் சுற்றுவதும் மால்ட் பொலுபொலுவென்று விழுவதும் கண்ணுக்குள் ஓடின. நான் அதன் பின்னால் போய்விட்டேன்.

வேகம் சரி. வலு போதாது. ஊறின உழுந்தை ஆட்டிப் பழகிய மோட்டர் காய்ந்த தானியத்தில் இறுகி நின்று புகைந்தது. மில்லின் அச்சும் வளைந்துவிட்டது.

கேட்காமல் எடுத்தது பிழை. ஆனால் நீர் சொன்னது? "இது என்ர வீடு. உங்கட சாமானத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுங்கோ." வீடு உம்முடைய பெயரில் இருக்கிறது, ஓம். அந்த வீட்டுப் படியில் பதினாறு வருடம் பனி வழித்தவன் நான். அன்றைக்கும் வழித்துவிட்டுத்தான் வெளிக்கிட்டேன், நீர் வழுக்கி விழக்கூடாதே என்று.

இங்கே என் ஜன்னலுக்குக் கீழே ஏரி உறைந்து கிடக்கிறது. வேலை முடிந்து வந்து பகலில் படுக்கும்போது, பனிக்கட்டி அடியில் முனகுவது கேட்கும். பாதி நித்திரையில் அது நம் பேஸ்மென்டின் சத்தம் என்று நினைத்துக் கண்ணைத் திறக்கிறேன்.

மில் இனி உதவாது. மூட்டையை எறிந்துவிடும்.

ஜோன்சன்


அஹுன்ட்சிக்
16 பெப்ரவரி 2025

ஜோன்சன்,

சாப்பாட்டுச் சாமானை எறி என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

எறியவில்லை. ஒரு கோப்பை மால்ட்டை மிக்ஸியில் போட்டு அடித்தேன். இடியப்ப மா மாதிரி அருமையாக வந்தது. அதைச் சுடுதண்ணீரில் கரைத்து, நீங்கள் செய்வதுபோல ஒரு மணித்தியாலம் மூடி வைத்துவிட்டு வடித்துப் பார்த்தேன். பசை. ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை. ஆனால் வாசம் வந்தது. வேலையில், கார்டெரியில் விட்டுப்போகும் சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் ஓட்ஸ் காய்ச்சும்போது வரும் வாசம் மாதிரி, ஆனால் அதைவிட ஆழம். வீடு முழுக்கப் பரவி நின்றது. கனநாளைக்குப் பிறகு வீட்டில் யாரோ இருப்பதுபோல இருந்தது.

பியர் குடிக்கும் ஆசை எனக்கில்லை. மூட்டையை முடிக்கவேண்டும், அவ்வளவுதான். எப்படிப்பட்ட மில் வாங்குவது, எப்படி மோட்டர் பூட்டுவது என்று எழுதுங்கள். இந்தமுறை எரியாத மாதிரி.

வீட்டைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். அதற்கு இப்போது பதில் எழுதமாட்டேன்.

அஜிதா


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
23 பெப்ரவரி 2025

அன்புள்ள அஜிதா,

உம்முடைய கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நேற்று வேலைசெய்தேன். நூற்றுக்கணக்கான பெட்டிகள் தூக்கினேன், முதுகே தெரியவில்லை.

நீர் செய்த பிழைதான் நானும் முதன்முதலில் செய்தது. எங்களுக்கு மில் என்றால் மா. கோதுமையோ அரிசியோ மிளகாயோ, பட்டுப்போல வந்தால்தான் திருப்தி. மால்ட் அப்படியல்ல. அரைக்கக்கூடாது, உடைக்கவேண்டும். உள்ளே இருக்கும் பருப்பு மூன்று நான்கு துண்டாக வெடிக்கவேண்டும், மேலே உமி முழுதாக இருக்கவேண்டும். பிறகு வடிக்கும்போது அந்த உமிதான் வடிகட்டியாக நிற்கும். உமியும் மாவாகிப்போனால் பசைதான்.

ஆகவே கல்லோ தட்டோ வைத்து அரைக்கும் மில் வேண்டாம். இரண்டு உருளை உள்ளது வாங்கும். மூன்று உருளை என்று ஆசை காட்டுவார்கள், வீட்டுக்கு அது தேவையில்லை. இடைவெளியைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாரும். வங்கி அட்டை ஒன்று சுகமாக உள்ளே போகிற இடைவெளியில் தொடங்கும். கைபிடியைக் கழற்றினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அச்சில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கவேண்டும். கப்பி பூட்டினால் வழுக்காது.

மோட்டர் அரைக் குதிரைவலு போதும். மோட்டரில் சின்னக் கப்பி, மில்லில் அதைப்போல எட்டு மடங்கு பெரிய கப்பி, இரண்டுக்கும் ஒரு பெல்ட். வேகம் எட்டில் ஒன்றாகும், திருப்பும் பலம் எட்டு மடங்காகும். பெல்ட்டுக்கு மூடி இல்லாமல் ஓட்டவே வேண்டாம், நீர் தலைமயிரையும் கட்டிக்கொள்ளும். மோட்டர் ஓடத் தொடங்கிய பிறகுதான் தானியத்தைக் கொட்டவேண்டும். நொதிக்கும் வாளியை அந்தப் பக்கம் வைக்கவேண்டாம். மால்ட் தூசு விழுந்தால் பியர் புளிக்கும்.

மில்லையும் மோட்டரையும் பூட்டும் பலகையில் துளைபோட வேண்டுமென்றால் எழுதும், வந்து போட்டுத் தருகிறேன். என்னுடைய துளைபோடும் மெசினை மட்டும் தொடவேண்டாம். அது பதினொரு மாதம் தேடி வாங்கினது.

ஜோன்சன்


அஹுன்ட்சிக்
9 மார்ச் 2025

ஜோன்சன்,

வாங்கிவிட்டேன். கடைக்காரர் பிரெஞ்சில் மூன்று உருளையின் மகிமையைப் பாடிக்கொண்டே இருந்தார். நான் "மெர்சி, மெர்சி" என்று சொல்லி இரண்டு உருளையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் வந்தேன். மடியில் வைத்திருக்கக் குழந்தையின் பாரம் இருந்தது.

முதலில் கையால் சுற்றினேன். இரண்டு கிலோவுக்குள் தோள் கழன்றுவிட்டது. உடைந்ததை ஒரு பிடி எடுத்துச் சுளகில் போட்டுப் புடைத்துப் பார்த்தேன். நீங்கள் எழுதினது சரி, உமி தனியாக, முழுதாகப் பறந்தது. ஆனால் சிலது பொடிந்துதான் இருந்தது. அவல் இடிக்க ஈர நெல்லைத்தானே போடுகிறோம், காய்ந்ததைப் போட்டால் தூளாகுமே என்று யோசித்தேன். மால்ட்டைப் பாயில் பரப்பி, கை நுனியால் கொஞ்சமாய்த் தண்ணீர் தெளித்துப் பிசறி, கால்மணித்தியாலம் விட்டு உடைத்தேன். ஒரு உமிகூடக் குலையவில்லை! நீங்கள் இதை ஒருநாளும் செய்ததில்லையே?

நேற்றுச் சனிக்கிழமை முழுக்க பேஸ்மென்டில்தான் இருந்தேன். ஜன்னலைப் பாதிக்கு மேல் பனி மூடியிருக்கிறது. வெயில் அந்தப் பனிக்குள்ளால் நீலமாக இறங்குகிறது. அந்த நீலத்துக்குள் மில் சுற்றியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, யாரோ மெல்லிய மழைக்குள் நடந்துபோகிற மாதிரி. ஐந்து கிலோவும் நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது. எனக்கு அது முடிந்ததில் கவலை. வெறும் மில்லை இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் சாப்பிடவும் மறந்துபோனேன்.

கப்பியும் பெல்ட்டும் இரும்புக்கடையில் வாங்கினேன். மோட்டர் வாங்கவில்லை. உங்கள் துளைபோடும் மெசினிலிருந்து கழற்றி எடுத்தேன். அரைக் குதிரைவலு, நீங்கள் எழுதின அளவேதான்.

அஜிதா


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
13 மார்ச் 2025

யாரைக் கேட்டுக் கழற்றினீர்?

ஜோன்சன்


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
13 மார்ச் 2025, பின்னேரம்

அன்புள்ள அஜிதா,

காலையில் அந்த ஒற்றை வரியை எழுதி, உறை ஒட்டி, கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் ஓடிப்போய்த் தபாற்பெட்டியில் போட்டேன். போட்டுவிட்டுத் திரும்பி நாலு அடி வைக்கவில்லை, நான் என்ன எழுதினேன் என்று எனக்கே கேட்டது. திரும்பிப்போய்ப் பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். எட்டவில்லை. நாயோடு நடந்துபோன ஒரு கிழவி என்னைக் கள்ளன் என்று நினைத்து முறைத்தா. தேவதாசன் அண்ணையிடம் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யாரைக் கேட்டுக் கழட்டினனியோ? நீயோ கேக்கிறாய்?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிந்ததும் மேசையில் இருந்து இதை எழுதத் தொடங்கினேன்.

அந்த மெசின் போனது பெரிதல்ல. உமக்குத் தொடவேண்டாம் என்று எழுதினதைத் தவிர, இந்த மூன்று மாதத்தில் நான் அதை ஒருதரமும் நினைக்கவேயில்லை. நான் ஒருவன் இருக்கிறேன் என்ற எண்ணமே இல்லாமல் ஒரு கை வந்து அதைத் திறந்ததே, அதுதான் சுட்டது. மூன்று சட்டி உழுந்துக்குப் பக்கத்தில் நின்று உமக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இப்போதுதான்.

இரவு முழுக்க ஊர் பேர் தெரியாத ஆட்களின் பெட்டிகளைத் தூக்குகிறேன். பூட்டு உடைந்த பெட்டி வந்தாலும் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. இன்னொருவருடைய சாமான் என்று கை தானாகவே கவனமாக இருக்கும். வீட்டுக்கு வந்தால் மட்டும் அந்தக் கவனம் எங்கே போனது? உம்முடையது என்னுடையதுதானே என்று நினைத்தேன் போலிருக்கிறது. அதை அன்பு என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் தெளிக்கும் விஷயம் எனக்குத் தோன்றவேயில்லை. ஏழு வருடமாக பியர் வடிக்கிறேன், தோன்றவில்லை.

ஜோன்சன்


அஹுன்ட்சிக்
23 மார்ச் 2025

அன்புள்ள ஜோன்சன்,

இரண்டு கடிதமும் ஒரே நாள் வந்தன. எது முதல் என்று தெரியாமல் நீளமானதைத்தான் முதலில் உடைத்தேன். அதனால் ஒற்றை வரியை வாசிக்கும்போது எனக்குக் கோபம் வரவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நீங்கள் உண்மை எழுதினீர்கள். நானும் எழுதவேண்டும். உங்களுக்குப் பாடம் படிப்பிக்கத்தான் அதைக் கழற்றினேன் என்று நீங்கள் நினைத்திருக்கலாம். பூசை முடிந்து சந்தித்த மாக்கிரட் அக்காவும் அப்படித்தான் நினைத்தா. "நல்ல வேலை செய்தாய், அவருக்கும் தெரியட்டும்" என்று முதுகில் தட்டினா. ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அது பொய்.

உங்களை நான் நினைக்கவே இல்லை. அதுதான் நடந்தது. "தொடவேண்டாம்" என்று நீங்கள் எழுதின கடிதம் பக்கத்து மேசையில் விரித்தபடி கிடந்தது. கப்பியின் அளவைப் பார்க்க அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். எட்டு மடங்கு என்ற வரி தெரிந்தது, நாலு வரி கீழே இருந்தது தெரியவில்லை. மில் சுற்றுவது மட்டுமே கண்ணுக்குள் நின்றது. பின்னேரம் தூசு கூட்டும்போதுதான் உங்கள் மெசின் தலை திறந்தபடி நிற்பதைக் கண்டேன். ஒரு ஆளைப் பார்த்து நிற்பதுபோல அதற்கு முன்னால் நின்றேன். வேண்டுமென்றே செய்த மாதிரிக் கடிதத்தில் எழுதினது வீம்பு.

அவர் என்னைக் கணக்கெடுப்பதில்லை, என் வேலை அவருக்கு ஒரு பொருட்டில்லை என்று மூன்று மாதமாக எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கெடுக்காமல் இல்லை, நீங்கள் அந்த நேரம் இங்கே இருக்கவில்லை. நானும் போய்வந்த பிறகுதான் அப்படி ஒரு இடம் இருக்கிறதென்று தெரிகிறது. நல்ல இடம்தான். ஆனால் போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகலாம், இரண்டு பேரும். வடையை நான் இன்னும் மன்னிக்கவில்லை, அதையும் எழுதிவைக்கிறேன்.

போன ஞாயிறு வடித்து வாளியில் விட்டேன். இப்போது மூடியின் குழாயால் குமிழ் வருகிறது. வேலையால் வந்து படியில் கொஞ்ச நேரம் இருந்து அதைக் கேட்கிறேன். தவக்காலம் முடியும்வரை ஒரு சொட்டும் வாயில் வைக்கமாட்டேன்.

வீட்டைப் பற்றிய பதில் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் கை நகரமாட்டேன் என்கிறது.

அஜிதா


சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அஜிதா,

ஏரி உடைகிறது. நேற்று முழுக்கப் பெரிய பெரிய தட்டுகளாக மிதந்து போனது. வெயிலில் அவை ஒன்றோடொன்று உரசும்போது கண்ணாடி வளையல் சத்தம் வந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டதும் தெரியாமல் கரையில் நின்றேன். பிறகு உம்முடைய கடிதம் ஞாபகம் வந்து, யாருமில்லாத இடத்தில், "போயிட்டு வாறன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனேன். பழகவேண்டுமே.

ஒரு கனவு அடிக்கடி வருகிறது. பெட்டிகள் வரும் பெல்ட்டில் நான் நிற்கிறேன். எல்லாப் பெட்டிகளிலும் போகவேண்டிய இடத்தின் துண்டு ஒட்டியிருக்கிறது. கடைசியாக என்னுடைய பெட்டி வருகிறது. அதில் துண்டு இல்லை. அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கிறது, எடுக்க எனக்குத் துணிவில்லை. விழித்தால் பகல் இரண்டு மணி, ஜன்னல் முழுக்க வெளிச்சம்.

சுவாமியார் சொன்ன நாள் வருகிறது. உயிர்த்த ஞாயிறுக்கு இரண்டு கிழமைதான். தேவதாசன் அண்ணை அறையை மே மாதத்துக்கும் தரலாம் என்கிறார், பதில் கேட்கிறார். நான் எந்த முடிவையும் உம்மைக் கேட்காமல் எடுக்கப்போவதில்லை. வீடு உம்முடையது. இதை இப்போது கோபத்தோடு எழுதவில்லை. ஆகவே கேட்கிறேன், இதுவரை நான் உம்மிடம் ஒன்றும் கேட்டதில்லை, இப்போது கேட்கிறேன்.

நான் வீட்டுக்கு வரலாமா?

இல்லையென்றால் இல்லை என்று எழுதும். அதையும் மரியாதையாக எடுத்துக்கொள்வேன்.

ஜோன்சன்


அஹுன்ட்சிக்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜோன்சன்,

கடிதம் காலையில் வேலைக்கு வெளிக்கிடும்போது கிடைத்தது. கார்டெரிக் குசினியில் வைத்து வாசித்தேன். பருப்பு அடிப்பிடித்து, பிள்ளைகள் பாணும் சீஸும் சாப்பிட்டார்கள்.

பதினாறு வருடமாக இந்த ஒன்றைத்தான் உங்களிடம் எதிர்பார்த்தேன். கேட்டுச் செய்யுங்கள் என்று. கேட்டுவிட்டீர்கள். சந்தோஷப்படுவேன் என்று நினைத்தேன். அழுகைதான் வந்தது. கட்டின மனிசன் தன் வீட்டுக்கு வரலாமா என்று முத்திரை ஒட்டிக் கேட்கிறார். அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுவந்து விட்டது நான்.

அன்றைக்குக் கோபத்தில் வாய் தவறிவிட்டது என்று எழுதத்தான் இத்தனை நாளும் பார்த்தேன். அதனால்தான் கை நகரவில்லை. வாய் தவறவில்லை. உங்களுக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் வேலை இழந்து இருந்த காலத்தில் வீடு என் பெயரில் எழுதப்பட்டது. கையெழுத்து வைக்கும்போது உங்கள் முகம் இருந்த விதம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் அடித்தேன். நீங்கள் என் கிரைண்டரைக் கனவில் எரித்தீர்கள். நான் அந்தச் சொல்லை முழு விழிப்போடு சொன்னேன். என்னுடையதுதான் பெரிய பிழை. என்னை மன்னியுங்கள்.

நீங்கள் போன பிறகு மூன்று தரம் பெரும்பனி கொட்டியது. மூன்று தரமும் நான்தான் படியை வழித்தேன். கடைசிப் படிக்கு வரும்போது இடுப்பு நிமிராது. இந்த வேலையைப் பதினாறு வருடம் ஒருவர் ஒரு சொல்லும் சொல்லாமல் செய்தார், அவரிடம்தான் இது என் வீடு என்று சொன்னேன் என்று ஒவ்வொரு படியிலும் நினைத்தேன்.

தேவதாசன் அண்ணைக்கு அறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பெரிய வெள்ளிக்குக் கஞ்சி காய்ச்சுவேன், அதற்கு முதலே வந்துவிடுங்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்து முதல் போத்தலை இரண்டு பேரும் உடைப்போம்.

மில்லின் இடைவெளியில் கைவைக்க நினைத்தால் என்னைக் கேளுங்கள். குசினியில் ஒரு ஆணி கழற்றுவதென்றாலும் கேளுங்கள். நானும் கேட்பேன். எல்லாவற்றுக்கும் கேளுங்கள். வீட்டுக்கு வருவதற்கு மட்டும் இனி ஒருநாளும் என்னிடம் கேட்காதீர்கள்.

அஜிதா